காட்டோரத்தில் வைத்த படையல்

மலாயாவில் அவசரகாலம் நடந்துகொண்டிருந்த நேரம். சுதந்திரம் வர இன்னும் ஓரிரண்டு வருடம் இருந்திருக்கும். கெடாவில், கோலா கெத்தில் டவுனிலிருந்து உள்ளே தள்ளி, காட்டை ஒட்டியிருந்த ஒரு ரப்பர் தோட்டத்தில் நாங்கள் இருந்தோம். எனக்கு இருபது வயது. கையில் ஒரு குழந்தை. கணவர் ரப்பர் ஷீட்டுகளைப் புகை போடும் கொட்டகையில் வேலை செய்தார்.

நான் என்ன வேலை செய்தேன் என்று சொன்னால்தான் மற்றது புரியும். நாங்கள் குடியிருந்த வரிசை வீடுகளான லயங்களைச் சுற்றி முள்கம்பி வேலி போட்டு, ஒரே ஒரு கேட் வைத்திருந்தார்கள். ரப்பர் பால் வெட்டப் போகிறவர்கள் விடியற்காலையில் அந்தக் கேட்டில் சோதனைக்கு நின்ற பிறகுதான் வெளியே போக முடியும். சோறு, அரிசி, சீனி, பால் டின், கருவாடு எதுவும் வேலியைத் தாண்டக் கூடாது. காட்டுக்குள் இருந்த கம்யூனிஸ்டுகளைப் பட்டினி போட்டு வெளியே கொண்டுவருவது அரசாங்கத்தின் திட்டம். அதனால் எங்கள் ஆட்களும் வெறும் வயிற்றோடுதான் வேலைக்குப் போவார்கள். திரும்பி வந்துதான் சாப்பாடு. ஆண்களை ஸ்பெஷல் கான்ஸ்டபிள்கள் தடவிப் பார்ப்பார்கள். பெண்களைச் சோதிக்க ஒரு பெண் வேண்டும். கொஞ்சம் படித்தவள், வம்புக்குப் போகாதவள் என்று பார்த்து என்னைப் போட்டார்கள்.

நான் கூச்ச சுபாவம் உள்ளவள். தெரிந்தவர்களிடம் பேசவே யோசிப்பேன். அப்படிப்பட்ட நான், என்னைத் தூக்கி வளர்த்த பெண்களின் மடியிலும் இடுப்பிலும் தினமும் கை வைக்க வேண்டியிருந்தது. யாரும் என்னோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லை. அவர்களில் ஒரு அக்காவைக் கண்டால் எனக்கு நிஜமாகவே பயம். காட்டோரத்துக் கடைசி நிரையில், அவருக்கென்று ஒதுக்கிய மரங்களில், பால் வெட்டுகிறவர். கணவர் இல்லை, தனியாள். வாய் மட்டும் கத்தி. "நல்லா தடவிப் பாரு லா. செத்துப்போன என் மாமியா ராத்திரி வந்து இடுப்புல ஒளிச்சு வச்ச சோத்து மூட்டை எங்கயாச்சும் இருக்கப் போவுது" என்பார். வரிசை முழுக்கச் சிரிக்கும். எனக்குக் கண் கலங்கிவிடும். ஒருநாள் நான் முந்தானையை உதறிப் பார்த்தபோது என் கையில் ஓங்கித் தட்டியே விட்டார்.

இப்படி இருக்கும்போதுதான் வெளிநாட்டிலிருந்து காலேஜ் மாணவர்கள் சிலர் எங்கள் தோட்டத்துக்கு வந்து இறங்கினார்கள்.

ஒரு வாத்தியாரும் ஏழெட்டு வெள்ளைக்காரப் பிள்ளைகளும். வெப்பநாட்டுக் காடு, அதில் வாழும் பிராணிகள், அதைச் சுற்றி வாழும் மனிதர்கள் எல்லாவற்றையும் நேரில் பார்த்துப் படிப்பதுதான் அவர்களுக்குப் பாடம் என்று தோட்ட ஆபீஸ் எழுத்தரான கிராணி சொன்னார். இந்த நேரத்தில் இவர்களுக்கு இந்தத் தோட்டம்தானா கிடைத்தது என்று எல்லோரும் பேசிக்கொண்டோம். வாத்தியார் தோட்டத்து மேனேஜரான எங்கள் துரைக்குப் பழைய சிநேகிதராம். வேலிக்குள்ளேயே காலியாகக் கிடந்த சின்னத்துரை பங்களாவில் தங்கினார்கள். காட்டோரம் போகும்போது துப்பாக்கியோடு காவலர்கள் துணைக்குப் போனார்கள்.

அவர்கள் செய்த வேலையைப் பார்த்துத் தோட்டமே சிரித்தது. காட்டோரத்தில் கம்பிப் பொறி வைத்து எலி பிடிப்பார்கள். பிடித்த எலியை நிறுத்துப் பார்த்து, வாலை அளந்து, காதில் ஓர் அடையாளம் போட்டு, மறுபடியும் காட்டிலேயே விட்டுவிடுவார்கள். மறுநாள் அதே எலி வந்து விழுந்தால் அவர்களுக்குச் சந்தோஷம் தாங்காது. பொறியில் வைக்க வறுத்த தேங்காய்ச் சில்லு வேண்டும். அதற்கு மட்டும் துரை தனியாக உத்தரவு வாங்கிக் கொடுத்தார். அதுவும் அந்த அக்கா வாயில் விழுந்தது. "எலிக்குப் பசியாற தேங்கா போவுது. பால் வெட்டுறவளுக்கு ஒரு வாய் கஞ்சி போவக் கூடாது. அடுத்த பொறப்புல எலியா பொறக்கணும்டியம்மா."

பங்களாவைக் கூட்டிப் பெருக்க மத்தியானத்தில் என்னை அனுப்பினார்கள். அங்கேதான் அந்தப் பெண்ணோடு பழக்கம். வந்தவர்களில் அவளும் இன்னொருத்தியும் மட்டுமே பெண்கள். செம்பட்டை முடி, முகமெல்லாம் புள்ளி. என்னைவிட ஒரு வயது குறைவாக இருப்பாள். அவள் பேசியது புத்தகத்தில் படித்த மலாய். நான் பேசியது கடைத்தெரு மலாய். இரண்டையும் வைத்து ஒருவழியாகச் சமாளித்தோம். அவளுக்குத் தெரிந்த ஒரே தமிழ் வார்த்தை 'அக்கா'. கேட்டில் நிற்கும் என்னை யாரும் அன்பாகக் கூப்பிடாத காலத்தில் அவள் அந்த ஒரு வார்த்தையாலேயே ஓயாமல் கூப்பிட்டாள். அதனாலேயே எனக்கு அவளைப் பிடித்துப் போனது.

ஒவ்வொரு மாணவரும் ஓர் இடத்தையும் அந்த இடத்தைப் பற்றி மக்களிடம் உள்ள பழக்கத்தையும் சேர்த்துப் படிக்க வேண்டும் என்று வாத்தியார் சொல்லியிருந்தார். அவள் எடுத்துக்கொண்டது எங்கள் முனியாண்டி சாமியை. தோட்டம் முடிந்து காடு தொடங்கும் இடத்தில் ஒரு பெரிய அத்தி மரம். அதன் அடியில் ஒரு கல், ஒரு சூலம், அவ்வளவுதான் கோயில். காட்டை வெட்டி ரப்பர் நட்ட காலத்தில்கூட அந்த மரத்தையும் சுற்றியிருந்த மரங்களையும் எங்கள் ஆட்கள் வெட்ட மறுத்துவிட்டார்களாம். அதனால் வேறெங்கும் இல்லாத பறவைகள் அங்கே வரும். கொம்பு மூக்குப் பறவை வந்து பழம் தின்பதை அவள் வரைந்தே காட்டினாள். நான் எத்தனையோ தடவை அந்த மரத்தைத் தாண்டிப் போயிருக்கிறேன். ஒருநாளும் அண்ணாந்து பார்த்ததில்லை.

சாமிக்கு என்ன செய்வீர்கள் என்று கேட்டாள். அவசரகாலத்துக்கு முன்னால் வருடா வருடம் பெரிய படையல் போடுவோம், சோறும் கோழியும் சுருட்டும் வைப்போம் என்றேன். இப்போது? இப்போது காட்டோரத்தில் ஒரு பிடி சோறு வைத்தாலும் கம்யூனிஸ்டுக்கு வைத்ததாகத்தான் கணக்கு. அதனால் சாமியிடம் கற்பூரம் ஏற்றி, நிலைமை சரியானதும் மொத்தமாகச் செய்கிறோம் என்று சொல்லி வைத்திருக்கிறோம் என்றேன்.

"அவருக்குக் கோபம் வராதா?"

"எங்களுக்கு மாதிரிதான் அவருக்கும். ரேஷன் கூப்பன்" என்றேன். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். நான் சொல்லி ஒருவர் சிரித்தது அதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன்.

மாணவர்கள் கிளம்புவதற்குச் சில நாட்கள் இருக்கும்போது அவளுக்குக் காய்ச்சல் வந்தது. உடம்பு அனலாகக் கொதித்தது. தோட்டத்து ஆஸ்பத்திரியைப் பார்த்துக்கொள்ளும் டிரெசர் வந்து ஊசி போட்டார், மருந்து கொடுத்தார். மற்றவர்கள் காட்டுக்குப் போய்விட, நான்தான் ஈரத்துணி போட்டுக்கொண்டு பக்கத்தில் இருந்தேன். என்னவோ அவள் மொழியில் உளறிக்கொண்டே இருந்தாள். பெற்றவள் எந்தக் கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கிறாளோ என்று நினைத்தேன். எனக்கும் வேறு எதுவும் தெரியாது. மஞ்சள் துணியில் ஒரு காசை முடிந்து, முனியாண்டியை நினைத்து, இவள் எழுந்து நடமாடினால் உனக்கு ஒரு இலை போடுகிறேன் என்று வேண்டிக்கொண்டேன். சோறு, அவித்த முட்டை, கருவாடு, சுருட்டு.

காய்ச்சல் இறங்கியதும் தலைமாட்டில் கிடந்த முடிச்சைப் பார்த்து என்னவென்று கேட்டாள். சொன்னேன். எப்போது செய்வாய் என்றாள். அவசரகாலம் முடியட்டும், நான் செய்துகொள்கிறேன் என்றேன். அவள் அந்த முடிச்சையே கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கிளம்பும் நாள் வந்தது. அன்று விடியற்காலையில் மாணவர்கள் பொறிகளை எடுத்துவரக் காட்டோரம் போனார்கள். அவளும் போனாள். தோளில் பொறி போடும் பெரிய பை. அவர்கள் வந்த முதல் நாளே, துரையின் விருந்தாளிகளைச் சோதிக்க வேண்டாம் என்று காவலர்களின் தலைவர் என்னிடம் வாய்மொழியாகச் சொல்லியிருந்தார். அதனால் நான் பையைத் தொடவில்லை. அவள் என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போனாள். வெயில் ஏறும் முன் திரும்பி வந்தார்கள். அடுத்து மெர்போக் ஆற்றோரத்தில் உப்புத்தண்ணீரில் வளரும் காட்டைப் படிக்கப் போவதாகச் சொல்லிக்கொண்டு லாரியில் ஏறினார்கள். அவள் என்னைக் கட்டிப்பிடித்தாள். நான் கூச்சத்தில் கட்டை மாதிரி நின்றேன்.

லாரி போய்க் கொஞ்ச நேரத்தில் தோட்டத்துச் சங்கு ஊதியது. பால் எடுக்கும் நேரம் இன்னும் வரவில்லை. மரங்களில் மாட்டிய மங்குகளில் பாலை அப்படியே விட்டுவிட்டுத் திரும்பி வரச் சொல்லி ஆட்களை ஓட்டிக்கொண்டு வந்தார்கள். காலையில் பேர் கூப்பிடும் பெரட்டுக்களத்தில் வரிசையாக உட்கார வைத்தார்கள். டவுனிலிருந்து ஜீப்பில் ஒரு வெள்ளைக்காரப் போலீஸ் அதிகாரி வந்து இறங்கினார். அவர் சொன்னதைக் கிராணி தமிழில் சொன்னார். முனியாண்டி மரத்தடியில் யாரோ கம்யூனிஸ்டுகளுக்குச் சாப்பாடு வைத்திருக்கிறார்கள். ரோந்து போனவர்கள் பார்க்கும்போது பாதிச் சோறு காணோம். ஆகவே அவர்கள் வந்து தின்றுவிட்டுப் போயிருக்கிறார்கள். கேட்டைத் தாண்டி அதைக் கொண்டுபோனது யார்?

ஒரு கான்ஸ்டபிள் சாக்கை விரித்துக் காட்டினார். வாடிய வாழை இலை. கொஞ்சம் சோறு. அவித்த முட்டை, கருவாடு, சுருட்டு.

நான் வேண்டிக்கொண்டது அப்படியே என் முன்னால் கிடந்தது. வேறு யாருக்கும் அது தெரியாது, அந்தப் பெண்ணைத் தவிர. என் கடனை அவள் தன் கடனாக எடுத்துக்கொண்டிருக்கிறாள்.

அதிகாரி கேட்டது ஒரே கேள்விதான். சோறு இந்தக் கேட் வழியாகத்தான் போயிருக்கிறது. ஆண்களைச் சோதித்தவர்கள் தங்கள் பக்கம் எதுவும் போகவில்லை என்கிறார்கள். அப்படியானால் பெண்கள் பக்கம். அங்கே சோதித்தவள் நீ. தெரிந்து விட்டாயா, தெரியாமல் விட்டாயா?

நான் வாயைத் திறந்தேன். சத்தம் வரவில்லை.

உண்மையைச் சொல்லியிருக்கலாமே என்று இதைப் படிக்கிறவர்கள் கேட்கலாம். அந்த இடத்தில் நின்று பார்த்தால்தான் தெரியும். வெள்ளைக்காரப் பெண் முனியாண்டிக்குப் படையல் போட்டாள் என்றால் யார் நம்புவார்கள்? நம்பினாலும், அவளுக்கு இதைச் சொல்லிக் கொடுத்தது யார், அவள் பையைத் திறக்காமல் விட்டது யார் என்று என்னிடம்தான் வந்து நிற்கும். சோதிக்க வேண்டாம் என்று சொன்ன காவலர் தலைவரைப் பார்த்தேன். அவர் எதிரே இருந்த தகரச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். மாணவர்களுக்குத் துணைக்குப் போன காவலர்களும் வாய் திறக்கவில்லை. அவளைக் கண்ணுக்கு மறைய விட்டது அவர்கள் குற்றமாகிவிடும். எல்லோருக்கும் வேலை, எல்லோருக்கும் பிள்ளைகள்.

என் பயம் வேலையைப் பற்றி அல்ல. என் கணவர் இந்தியாவிலிருந்து சிறு வயதில் வந்தவர். குடியுரிமைக் காகிதம் அவர் கைக்கு இன்னும் வரவில்லை. காட்டு ஆட்களுக்கு உதவினார்கள் என்று பக்கத்துத் தோட்டத்தில் ஒரு குடும்பத்தையே லாரியில் ஏற்றிக்கொண்டு போய்ப் பினாங்கில் கப்பலேற்றிய பேச்சு அப்போதுதான் அடங்கியிருந்தது. என்னை உள்ளே வைப்பார்கள், அவரைக் கப்பலேற்றுவார்கள், பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயக்கொட்டகையில் விளையாடிக்கொண்டிருக்கும் பிள்ளை யாரோடு போகும்? இந்த ஒரு கேள்விதான் தலைக்குள் சுற்றிக்கொண்டிருந்தது.

என்னை ஆபீஸ் அறையில் உட்கார வைத்தார்கள். புகைக் கொட்டகையிலிருந்து கணவரையும் கூட்டி வந்து வெளியே நிறுத்தினார்கள். ஜன்னல் வழியாக அவர் முதுகு மட்டும் தெரிந்தது. திரும்பிப் பார்க்க விடவில்லை. மத்தியானத்துக்குள் பேசாவிட்டால் சுங்கைப்பட்டாணி போலீஸ் ஸ்டேஷனுக்குக் கொண்டுபோவோம் என்று கிராணி வந்து சொன்னார். "ஏதாச்சும் சொல்லும்மா. பேசாம இருந்தா நீதான்னு ஆயிரும்" என்று மெதுவாகச் சேர்த்துக்கொண்டார். எனக்கு அழுகைகூட வரவில்லை.

அப்போது வெளியே அந்த அக்காவின் குரல் கேட்டது.

"என்னை உள்ள விடுங்க. நான்தான் பாத்தேன். பாத்தவள வெளிய நிறுத்திட்டு பாக்காதவள உள்ள வச்சு என்ன கேக்குறீங்க?"

உள்ளே வந்து நின்றார். பால் கறை படிந்த சட்டை, தலையில் கட்டிய துண்டு. என் பக்கம் திரும்பவே இல்லை. அதிகாரியைப் பார்த்தே பேசினார், அவருக்குத் தமிழ் தெரியும் என்பதுபோல.

தன் நிரையில் வெட்டிக்கொண்டிருந்தபோது அந்த வெள்ளைக்காரப் பெண் தனியாக மரத்தடிக்கு வந்ததைப் பார்த்தாராம். பையிலிருந்து இலையை எடுத்தாள், விரித்தாள், சோறு வைத்தாள், கற்பூரம் ஏற்றினாள், கையெடுத்துக் கும்பிட்டாள். "இலைய நாம சாப்பிட உக்கார்ற மாதிரி போட்டுச்சு. நுனி அது கைக்கு இடப்பக்கம். சாமிக்கு இடப்பக்கம்ல நுனி வரணும்? நம்ம ஆளுங்க எவளும் அப்படிப் போட மாட்டா. நீங்களே விசாரிங்க."

கிராணி அதை மொழிபெயர்த்ததும் அதிகாரி இலையைத் தூக்கி வந்த கான்ஸ்டபிளைக் கேட்டார். நுனி எந்தப் பக்கம் இருந்தது என்று அவருக்கு ஞாபகமில்லை. ஆகவே அந்தச் சாட்சி அங்கேயே போய்விட்டது. அதிகாரியின் கேள்வி அக்கா பக்கம் திரும்பியது. காட்டோரத்தில் சாப்பாடு கிடப்பதைப் பார்த்தும் உடனே வந்து சொல்லாதது சட்டப்படி குற்றம். ஏன் சொல்லவில்லை?

இந்தக் கேள்வி வரும் என்று அக்காவுக்குத் தெரியாமலா இருந்திருக்கும்?

"சாமிக்கு வச்ச இலைய எவன்கிட்டப் போயி நான் போட்டுக் குடுக்கட்டும்?" என்றார். "எத்தன வருசமாச்சு அவரு ஒரு வாய் சோத்தப் பாத்து. நானும் பக்கத்துல போயி விழுந்து கும்பிட்டேன். எழுதிக்கங்க, அதையும் எழுதிக்கங்க. காணாமப் போன சோத்த குரங்கு தின்னுச்சு. என் கண்ணு முன்னால."

கடைசியில் அக்கா சொன்னதை மொழிபெயர்க்கக் கிராணி கொஞ்சம் தயங்கினார். பிறகு சொன்னார்.

மாணவர்கள் மெர்போக்கில் எங்கே தங்குகிறார்கள் என்று துரைக்குத் தெரியும். ஆனால் அங்கே டெலிபோன் இல்லை. ஆள் அனுப்பித்தான் அந்தப் பெண்ணைக் கூப்பிட வேண்டும். அதுவரை இரண்டு பேரும் ஸ்டேஷனில் இருக்கட்டும் என்று அதிகாரி முடிவு செய்தார். கம்பி வலை போட்ட வேனில் எங்களை ஏற்றினார்கள். என் கணவர் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வேலி ஓரம் நின்றார். குழந்தை வேனைப் பார்த்துக் கை ஆட்டியது.

வழியெல்லாம் நான் தலை குனிந்தே இருந்தேன். ரப்பர் மரங்கள் தீர்ந்து கடைத்தெரு வரும்போதுதான், "ஏன்க்கா வந்தீங்க?" என்று கேட்டேன். அவரோடு நானாகப் பேசிய முதல் பேச்சு.

"உனக்காக வந்தேன்னு நெனச்சுக்காத" என்றார். "தெனம் காலங்காத்தால என் இடுப்பத் தடவுறவ நீ. உன்மேல எனக்கென்ன பாசம்? பாத்தது பாத்ததுதான. பாத்துட்டு எப்படி அங்க குந்திக்கிட்டு இருக்கிறது?" கொஞ்ச தூரம் போனதும், "வாயைத் தொறந்து பேசக் கத்துக்க. ஊமச்சி மாதிரி நின்னா நாலு பேரு சேந்து கழுத்துல மாட்டிட்டுப் போயிருவானுங்க" என்றார். பிறகு தலைத்துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். துண்டை மறுபடியும் கட்டத் தெரியாமல் மூன்று தடவை முடிச்சுப் போட்டு அவிழ்த்தார். அந்த வாய்க்கும் பயம் இருந்திருக்கிறது.

ஸ்டேஷனில் ஒரு பெஞ்சில் உட்கார வைத்தார்கள். வெயில் தாழும்வரை உட்கார்ந்திருந்தோம். ஒவ்வொரு வண்டிச் சத்தத்துக்கும் நான் வாசலைப் பார்த்தேன். அவள் வருவாளா? வந்தாலும் உண்மையைச் சொல்வாளா? வாத்தியார் விடுவாரா? அவர்கள் கப்பலேறி ஊருக்குப் போய்விட்டால் யார் கேட்க முடியும்? ஒரு போலீஸ்காரர் சாயா வாங்கிக் கொடுத்தார். அக்கா குடித்தார். என்னுடையது பெஞ்சிலேயே ஆறிப்போனது.

கடைசியில் வந்தாள். முழங்கால் வரை அலையாத்திக் காட்டுச் சேறு காய்ந்து ஒட்டியிருந்தது. வந்த வேகத்தில் செருப்புக்கூட மாற்றவில்லை போலிருக்கிறது. கூட வாத்தியார், முகம் கறுத்துப் போய். அவள் என்னைப் பார்த்ததும் "அக்கா, அக்கா" என்று அழுதாள். அதிகாரியிடம் எல்லாவற்றையும் சொன்னாள். எனக்கு இங்கிலீஷ் தெரியாது. ஆனால் அவள் தன் சட்டைப் பையிலிருந்து அந்த மஞ்சள் முடிச்சை எடுத்து மேசைமேல் வைத்ததைப் பார்த்தேன். அதிகாரி அதை விரலால் தள்ளிப் பார்த்துவிட்டுப் பெருமூச்சு விட்டார். வாத்தியாரிடம் நீளமாக ஏதோ சொன்னார். அவளிடம் அதிகம் பேசவில்லை. கொஞ்ச நேரத்தில் அவள் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து காப்பி குடித்தாள்.

அப்போதுதான் ஒன்று எனக்கு உறைத்தது. காலையிலிருந்து எங்கள் கழுத்தை நெரித்துக்கொண்டிருந்த அதே காரியம் அவள் பக்கம் போனதும் ஒரு தவறாக, ஒரு சின்னப் பெண்ணின் அறியாமையாக ஆகிவிட்டது. அவள்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அவள் மனசார ஒரு கடனைத் தீர்க்கத்தான் நினைத்தாள். என் தெய்வத்தை அவள் கேலி செய்யவில்லை, என்னைவிட அதிகமாகவே மதித்தாள். ஆனால் எங்கள் பழக்கத்தை எல்லாம் கேட்டுத் தெரிந்துகொண்டவளுக்கு எங்கள் பயம் மட்டும் தெரியாமல் போய்விட்டது. அதை நான் சரியாகச் சொல்லவும் இல்லை. சிரிப்பாகத்தான் சொன்னேன்.

என்னை அன்றே விட்டுவிட்டார்கள். மாணவர்களின் படிப்பு அதோடு முடிந்தது, கெடாவை விட்டே போகச் சொல்லிவிட்டார்களாம். அவளை நான் பிறகு பார்க்கவில்லை. அக்காவை மட்டும் விடவில்லை. பார்த்ததைச் சொல்லாமல் இருந்தவள் என்று சில நாள் வைத்திருந்துதான் அனுப்பினார்கள். திரும்பி வந்ததும் காட்டோரத்து நிரையை அவரிடமிருந்து எடுத்துவிட்டார்கள். நல்ல பால் தரும் மரங்கள் அவை. அவரைப் புல்வெட்டுக்குப் போட்டார்கள், சம்பளம் குறைவு. என் கேட் வேலையும் போய்விட்டது. நானும் புல்வெட்டுக்குத்தான்.

புது வேலைக்குப் போன முதல் நாள் கேட்டில் வரிசையில் நின்றேன். எனக்குப் பதிலாக வேறு ஒரு பெண் வந்திருந்தாள். கையைத் தூக்கு என்றாள். தூக்கினேன். அவள் கை என் இடுப்பில் பட்டபோது உடம்பு முழுக்கக் கூசியது. இதைத்தான் தினமும் இத்தனை பேருக்குச் செய்துகொண்டிருந்தேன் என்று நினைத்தபோது தலை தானாகக் குனிந்தது. எனக்கு முன்னால் நின்ற அக்கா திரும்பிப் பார்த்தார். கேலியாக ஏதாவது சொல்வார் என்று எதிர்பார்த்தேன். "நகரு லா, நேரமாச்சு" என்று மட்டும் சொன்னார்.

அதன் பிறகு பல வருடம் ஒரே கூட்டத்தில் புல் வெட்டினோம். நெருங்கிய சிநேகிதம் என்று ஆகிவிடவில்லை. அவர் வாய் அப்படியேதான் இருந்தது, என் பேச்சும் அப்படியேதான். அவருக்கு நன்றி சொல்ல வேண்டும் என்று எத்தனையோ நாள் ஒத்திகை பார்த்திருக்கிறேன். அவர் முகத்தைப் பார்த்ததும் மறந்து போகும். தோட்டத்தைத் துண்டு போட்டு விற்றபோது அவர் வேறு பக்கம் போய்விட்டார். காலமாகிவிட்டதாக யாரோ சொல்லித்தான் தெரிந்தது.

இப்போது நாங்கள் சுங்கைப்பட்டாணியில், பாக்கார் ஆராங் பக்கம் இருக்கிறோம். போன வருடம் எங்கள் வரிசையில் ஒரு வீட்டுக்காரர்மேல் திருட்டுப் பழி வந்தது. அவருக்கும் எங்களுக்கும் வேலித் தகராறு, பல வருடமாகப் பேச்சே கிடையாது. ஆனால் திருட்டு நடந்த நேரத்தில் அவர் தன் வீட்டு வாசலில் சைக்கிளைக் கழற்றிப் போட்டு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்ததை என் சமையலறை ஜன்னல் வழியாகப் பார்த்திருந்தேன். நமக்கெதற்கு வம்பு என்று வீட்டில் சொன்னார்கள். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. கதவைச் சாத்திவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்தேன், ஆனால் உட்கார முடியவில்லை. போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய்ச் சொன்னேன். பாதிப் பாதி வார்த்தையாகத்தான் வந்தது, கேட்டவர் இரண்டு தடவை திருப்பிக் கேட்க வேண்டியிருந்தது. அந்த வீட்டுக்காரர் இன்றுவரை என்னோடு பேசவில்லை. எனக்கு அதில் வருத்தமும் இல்லை, ஏனென்றால் பேசத் தெரியாத நான் யாரிடம் பேசக் கற்றுக்கொண்டேனோ, அந்த அக்காவும் என்னிடம் எதையும் எதிர்பார்த்து அன்று அந்த ஆபீஸ் அறைக்குள் வரவில்லை.